எதிர்மனுதாரர் சித்தப்பாவுக்கு

ஒக்கூர்,
மார்கழி 6, ஞாயிறு

மரியாதைக்குரிய அருள்பாண்டி சித்தப்பா அவர்களுக்கு, அண்ணன் மகள் பாண்டீஸ்வரி பணிவோடு எழுதுவது.

இங்கே அப்பா, அம்மா, நான், ஆடுகள் நான்கு, எல்லோரும் நலம். அங்கே நீங்கள் நலமா என்று கேட்பதுதான் முறை. நலமில்லை என்று சித்தி போன வாரமே அம்மாவிடம் முக்கால் மணி நேரம் ஃபோனில் சொல்லிவிட்டதால், சீக்கிரம் நலமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் கடிதம் பதிவுத் தபாலில் வரும். பயப்பட வேண்டாம். தபால்காரர் நீட்டும் அட்டையில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அட்டை என் பெயருக்குத் திரும்பி வருமாம். எனக்கு இதுவரை தபாலே வந்ததில்லை, அதனால் கையெழுத்தைக் கொஞ்சம் தெளிவாகப் போடவும். இது முறைப்படி வக்கீல் நோட்டீஸாக வந்திருக்க வேண்டியது. அப்பா ஒத்துக்கொள்ளாததால் கடிதமாக வருகிறது. ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பதைப் பின்னால் எழுதுகிறேன். கடைசியில் கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடு, வாசிக்கிறவர் நடுவில் கோபப்பட்டுக் கிழித்துப் போட்டாலும் விஷயம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று வக்கீல் நாகஜோதி அக்கா சொல்லியிருக்கிறார்கள். ஆகையால் கேட்டுவிடுகிறேன். வீரலட்சுமி அக்காவுக்கு இது எட்டாம் மாதம். தை ஐந்தாம் தேதி பரமக்குடியில் வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்கு இங்கே கூட்டி வருகிறோம். அதற்குள் நீங்கள் சாவியோடு வந்து பாதைக் கேட்டைத் திறக்க வேண்டும். இவ்வளவுதான். இனிமேல் கிழிப்பதானால் கிழிக்கலாம். ஆனால் நான் மூன்று நாள் உட்கார்ந்து எழுதியது.

சித்திரையில் நீங்கள் அந்தக் கேட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூர் போனதில் இருந்து நாங்கள் பின்பக்கமாக மலையம்மாள் அத்தை வீட்டுக் கொல்லை வழியாகத்தான் ரோட்டுக்குப் போய் வருகிறோம். இரண்டு கொல்லைக்கும் நடுவில் இருக்கும் வாய்க்காலில் பழைய மின்கம்பம் ஒன்று பாலமாகக் கிடக்கிறது. நான் நடந்துவிடுவேன். அம்மா அதில் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்துதான் தாண்டும். தாண்டினால் அங்கே அத்தையின் கிடா நிற்கும். காளிக்கு நேர்ந்துவிட்ட கிடா என்பதால் அதைக் கம்பெடுத்து விரட்டக் கூடாது, கடிந்து ஒரு சொல் சொல்லக் கூடாது, இது எல்லாம் அதற்கும் தெரிந்திருக்கிறது. முட்டுவதற்கு முன்னால் ரெண்டு எட்டு பின்னால் போகும், அந்த நேரத்தில் நாம் ஓடிவிட வேண்டும். கிடாவைத் தாண்டினால் அத்தை. எங்க போற, பையில என்ன, யாருக்கு, எப்ப திரும்புவ. வழி கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்லாமல் போக முடியுமா? எனக்கு ஆள் முன்னால் பேச்சு வராது என்று உங்களுக்குத் தெரியும். பத்தாவதோடு நின்றதற்கு அம்மாவின் முதுகுவலி பாதிக் காரணம் என்றால், வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல் என்பது மீதிக் காரணம். இந்த எட்டு மாதமாகத் தினமும் ரெண்டு தடவை எழுந்து நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது போகட்டும். அந்தக் கம்பத்தில் அக்கா ஒன்பது மாத வயிற்றோடு எப்படி நடக்கும்? ராத்திரியில் வலி வந்தால் வண்டி எங்கே நிற்கும்? 108-க்கு ஃபோன் போட்டு, கம்பத்தில் நடக்கத் தெரிந்த டிரைவர் இருக்கிறாரா என்று முன்கூட்டியே கேட்டு வைக்கும்படி அம்மா சொல்கிறது. நான் இன்னும் கேட்கவில்லை.

தப்பு முழுக்க உங்கள் மேல் என்று நான் எழுத மாட்டேன். நடந்ததை மட்டும் எழுது, கோபத்தை எழுதாதே என்று நாகஜோதி அக்கா சொல்லியிருக்கிறார்கள். நடந்தது என்னவென்றால், பங்குனியில் மாடு உள்ளே வருகிறது என்று பாதை வாசலில் கேட் போட்டீர்கள். நல்ல கேட். அதில் ‘அருள்பாண்டி இல்லம்’ என்று இரும்பு எழுத்தைப் பற்றவைத்திருந்தீர்கள். அந்தக் கேட்டுக்குள் நுழைந்தால் முதலில் வருவது எங்கள் வீடு. அப்ப நான் என்ன இவன் இல்லத்துலயா குடியிருக்கேன் என்று அப்பா கேட்டது, நீங்கள் சிரித்தது, அப்பா உரச்சாக்கை நனைத்து அந்த எழுத்தின் மேல் காயப்போட்டது, நீங்கள் அதை மடித்து எங்கள் வாசலில் வைத்தது, மறுநாள் அப்பா ரெண்டு சாக்கு காயப்போட்டது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். பதினோராவது சாக்குக்கு நீங்கள் பூட்டிவிட்டுப் போனீர்கள்.

கார்த்திகை இரண்டாம் ஞாயிறு, நம் ஊர் சமுதாயக்கூடத்தில் இலவச சட்ட உதவி முகாம் என்று காரைக்குடியில் இருந்து ஏழெட்டு வக்கீல்கள் வந்தார்கள். யாரும் அனுப்பி வந்தவர்கள் இல்லையாம், ஞாயிற்றுக்கிழமையானால் அவர்களே ஒரு ஊரைப் பார்த்துக் கிளம்பிவிடுவார்களாம். ஒரு பைசா வாங்க மாட்டோம் என்று மைக்கில் சொன்னதும் பாதிப்பேருக்குச் சந்தேகம் வந்து வெளியே போய் நின்றுகொண்டார்கள். அப்பா அக்கா கல்யாணத்துக்கு எடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, ஒரு வாழைத்தாரும் ஒரு மஞ்சப்பையும் தூக்கிக்கொண்டு வந்தது. பைக்குள் தாத்தா காலத்துப் பாகப்பத்திரம், ரேஷன் கார்டு, அக்கா ஜாதகம், எப்போதோ கட்டிய கரண்டு பில், என் ஒன்பதாம் வகுப்பு மார்க் சீட்டு. வக்கீலுக்கு எது தேவைப்படும் என்று நமக்கு எப்படித் தெரியும் என்றது. வாழைத்தாரை அவர்கள் வாங்கவில்லை. வாங்கினால் அவர்கள் விதிப்படி தப்பாம். அப்பா சரி என்று சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் வைத்துவிட்டது. எல்லோருமே அப்படித்தான் செய்திருக்கிறார்கள். சாயங்காலம் பார்த்தால் மேசைக்கு அடியில் பூசணி, முருங்கைக்காய், நிலக்கடலை மூட்டை, காலைக் கட்டிய ஒரு சேவல், எது யாருடையது என்று ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் வந்தவர்களுக்கே பிரித்துக் கொடுத்தார்கள். நம் வாழைத்தார் பெத்தன் மாமா வீட்டுக்குப் போனது, அவர் பூசணி நமக்கு வந்தது. அம்மா பாதியை வைத்துக்கொண்டு பாதியை மலையம்மாள் அத்தைக்குக் கொடுத்தது, அத்தை அதைக் கிடாவுக்கு வைத்தார்கள்.

நான் அப்பாவுக்கு மனுப் படிவம் நிரப்பிக் கொடுக்கத்தான் போனேன். எழுத வேண்டிய ஆள் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டாராம். நாகஜோதி அக்கா என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்கும் எழுதித் தருகிறாயா என்று கேட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பேச வேண்டாம்மா, எழுதினால் போதும் என்றார்கள். பேச வேண்டாம் என்று சொல்கிற ஒரு வேலை இருக்கிறது என்றே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். உட்கார்ந்துவிட்டேன்.

தொல்லை ஒன்பதாவது கேள்வியில் வந்தது. ‘இது தொடர்பாக வேறு நீதிமன்றத்திலோ, வேறு எவரிடமோ முறையீடு நிலுவையில் உள்ளதா? ஆம் எனில் விவரம்.’ கீழே, தவறான தகவல் தருவது குற்றம் என்று கட்டம் கட்டி அச்சடித்திருந்தார்கள். சித்தப்பா, இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். ஆடி மூன்றாம் வெள்ளி உரம் வாங்கக் காளையார்கோவில் போகிறோம் என்று என்னைக் கூட்டிப்போன அப்பா, போகிற வழியில் காளி கோயிலில் இறங்கி, காசு வெட்டிப் போட்டது. யாரிடமும் சொல்லக் கூடாது என்றது. என்னைத் துணைக்குக் கூட்டிப்போனதே நான் யாரிடமும் பேச மாட்டேன் என்பதற்காகத்தான். நானும் இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் எழுதுவதைப் பற்றி அப்பா ஒன்றும் சொல்லவில்லையே. கட்டம் கட்டி வேறு போட்டிருக்கிறார்கள். ‘ஆம். காளி கோயில். ஆடி மூன்றாம் வெள்ளி. காசு வெட்டிப் போட்டது. தீர்ப்பு இன்னும் வரவில்லை’ என்று எழுதிவிட்டேன். எழுதிய பிறகு மற்றவர்களிடம் கேட்காமல் விடுவது சரியில்லை என்று அந்தக் கேள்வியை எல்லோருக்கும் விரலால் தொட்டுக் காட்டினேன். இருபத்து மூன்று மனுவில் பதினாலு பேருக்கு ஆம். காளியிடம் ஒன்பது, கருப்பரிடம் நாலு, ஒருவருக்கு மட்டும் போலீஸ் ஸ்டேஷன்.

அழகுசுந்தரம் என்று ஒரு பெரிய வக்கீல், கோயம்புத்தூர் பக்கத்துக்காரர், இங்கே வந்து ரெண்டு வருசம்தான் ஆகிறது. மனுக் கட்டை வாங்கிப் புரட்டியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முதலில் இருந்து புரட்டினார். காசு வெட்டுறதுன்னா என்னங்க என்று கேட்டார். எனக்கு அநியாயம் நடந்துருச்சு, நீயே கேளுன்னு சாமி முன்னால காசை ரெண்டா வெட்டிப் போட்டு ஒப்படைச்சுட்டு வர்றதுங்க என்று பெத்தன் மாமா சொன்னார்.

“அந்தக் கோர்ட்டுல வாய்தா எல்லாம் உண்டா?”

“இல்லீங்க. அதுக்காகத்தான் அங்குட்டுப் போறது.”

வக்கீல்கள் எல்லோரும் சிரித்தார்கள். நாகஜோதி அக்கா மட்டும் சிரிக்காமல் நம் பாகப்பத்திரத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அதில் பாதை ரெண்டு பேருக்கும் பொது என்றுதான் இருக்கிறது சித்தப்பா, ஏழடி அகலம், மாடு கன்று வண்டி வாகனம் சகிதம் போய் வர. வளைகாப்புக்குள் முடிய வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போகாமல் பேசி முடிப்பதுதான் சரி என்று அவர்களே உங்கள் நம்பரை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்கள். சட்ட உதவி முகாமில் இருந்து பேசுகிறேன் என்றதும் நீங்கள் கேட்டது கூடம் முழுக்கக் கேட்டது.

“அண்ணன் என் மேல கேஸ் போட்டுருச்சா? எந்தக் கோர்ட்டுல?”

அவர்கள் படிவத்தைப் பார்த்து உள்ளதைச் சொன்னார்கள். “இங்க இன்னும் போடல சார். காளி கோயில்ல ஆடி மாசமே போட்டாச்சு.”

நீங்கள் ஃபோனை வைத்துவிட்டீர்கள். அப்பா என்னைப் பார்த்தது. நான் பேனா மூடியைப் பார்த்தேன். அன்றையில் இருந்து நீங்கள் யார் ஃபோனையும் எடுப்பதில்லை. சித்தி மட்டும் அம்மாவைக் கூப்பிட்டு, இப்பத்தான் எங்களுக்கு விளங்குது என்று ஆரம்பித்து, ஃப்ரிட்ஜ் போனது, உங்களுக்கு வயிற்று எரிச்சல் வந்தது, உங்கள் கீர்த்தி டூவீலர் லைசென்ஸுக்கு எட்டுப் போடும்போது காலை ஊன்றியது, மாடியில் குழாய் வெடித்தது எல்லாவற்றையும் சொல்லி அழுதது. அம்மாவும் அழுதது. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் தேதியைக் குறித்துக்கொண்டேன். ஃப்ரிட்ஜ் போனது வைகாசியில். காசு வெட்டியது ஆடியில். ஆகவே ஃப்ரிட்ஜ் இதில் வராது. குழாய் வெடித்தது கீழ் வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியை இடித்ததால், சித்தியே சொன்னது. கீர்த்தி போன வருசமும் எட்டில் காலை ஊன்றியிருக்கிறது. வயிற்று எரிச்சலைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் நீங்கள் சாப்பாட்டுக்கு முன்னால் டீ குடிப்பதை நிறுத்திப் பார்க்கலாம்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. காசு வெட்டும்போது நான் அப்பாவுக்கு ஒட்டி நின்றேன். என்ன கேட்டது என்று என் காதில் விழுந்தது. “ஆத்தா, அவனை ஒண்ணும் செஞ்சிறாத. அந்தப் பூட்டை மட்டும் பாரு.” இதுதான் கேட்டது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னது, அவனை ஒண்ணும் செஞ்சிறாத என்பதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னது. வழக்கில் என்ன கேட்டிருக்கிறதோ அதைத்தான் கொடுக்க முடியும், கேட்காததைக் கொடுக்க முடியாது என்று நாகஜோதி அக்கா சொன்னார்கள். அது கோர்ட்டுக்குச் சொன்னதுதான், இருந்தாலும் காளிக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆகவே உங்கள் பேரிலோ குடும்பத்தின் பேரிலோ ஒன்றும் கேட்கப்படவில்லை. பூட்டு மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு அப்பாவும் நானும் காரைக்குடியில் நாகஜோதி அக்கா ஆபீசுக்குப் போனோம். உங்களுக்கு அனுப்ப நோட்டீஸ் தயாராக டைப் அடித்து வைத்திருந்தார்கள். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினார்கள். மனுதாரர் மலையாண்டி, சரி. எதிர்மனுதாரர் அருள்பாண்டி என்றதும் அப்பா கையை நீட்டி நிறுத்தியது.

“யாரு எதிரு?”

“அது சட்டத்துல எழுதுற முறை ஐயா. உங்க தம்பியத்தான் அப்படி எழுதியிருக்கு.”

“என் தம்பிய எதிர்மனுதாரர்னு எழுதாதீக.”

வேற எப்படி எழுதுவது என்று அக்கா கேட்டார்கள். தம்பின்னு எழுதுங்க என்றது அப்பா. சட்டத்தில் அப்படி ஒரு இடம் இல்லையே என்றார்கள். அப்பா பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டது. அவன் எனக்குத் தம்பியா இல்லாட்டி, அவன் பூட்டினதுக்கு நான் எதுக்கும்மா இம்புட்டு வருத்தப்படுறேன், ஊர்ல எத்தனையோ பேரு பூட்டி வச்சிருக்கான் என்றது. அக்கா அந்த நோட்டீஸை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். நீ எழுது, உன் சித்தப்பாவுக்கு நீ எழுதுகிற மாதிரியே எழுது, ஆனா விஷயம் ஒண்ணுகூட விடுபடக் கூடாது, பதிவுத் தபால்ல அனுப்பு என்றார்கள். நாங்கள் கொண்டுபோன முருங்கைக்காயை வாங்கவில்லை. அப்பா அவர்கள் ஸ்கூட்டியில் மாட்டிவிட்டு வந்துவிட்டது.

விடுபட்டது ஒன்று இருக்கிறது. காளி கோயில் பூசாரியிடம் கேட்டோம். வெட்டின காசைத் திரும்ப எடுக்க வேண்டுமானால் வெட்டினவர் மட்டும் போனால் போதாதாம், யார் பேரில் வெட்டியதோ அவரும் கூட வந்து சேர்ந்து நின்று கும்பிட வேண்டுமாம். நாகஜோதி அக்காவும் பேசி முடிக்க ரெண்டு பேரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். ஆக ரெண்டு கோர்ட்டிலும் நீங்கள் ஆஜராக வேண்டியிருக்கிறது. ஒரே நாளில் ரெண்டையும் முடித்துவிடலாம், காலையில் காளி, மத்தியானம் காரைக்குடி, பஸ் நேரம் எல்லாம் பார்த்துத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். சாவியை மறக்க வேண்டாம். கேட்டில் இருக்கும் உங்கள் பேர் அப்படியே இருக்கட்டும் என்று அம்மா சொல்கிறது. சாக்கு இனிமேல் கொல்லையில்தான் காயும்.

சித்திக்கு என் வணக்கம். கீர்த்திக்கு எட்டுப் போட வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதாகச் சொல்லவும், இது கருப்பரிடம், காளியிடம் இல்லை. அப்பா உங்களை விசாரித்ததாக எழுதச் சொல்லவில்லை. ஆனால் நான் எழுதிக்கொண்டிருந்த மூன்று நாளும் பக்கத்துப் பானையில் தண்ணீர் குடிக்க வந்துகொண்டே இருந்தது, அவ்வளவு தாகம் மார்கழியில் யாருக்கும் எடுக்காது. வழக்கமாகக் கடிதத்தின் கீழே காளி துணை என்று போடுவேன். முறையீடு நிலுவையில் இருப்பதால் இதில் போடவில்லை.

உங்கள் மேல் மாறாத மரியாதையுடன்,
ம. பாண்டீஸ்வரி

பின்குறிப்பு (திங்கள்): தபாலாபீசுக்குப் போக இதை ஒட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கிடாவைத் தாண்டியதும் மலையம்மாள் அத்தை கையில் என்ன என்றார்கள். சித்தப்பாவுக்குக் கடிதம், கேட்டைத் திறக்கச் சொல்லி என்றேன். “ஏண்டி, அந்தப் பூட்டு தீபாவளி மழையிலயே துருப்பிடிச்சு வாயைப் பொளந்துருச்சே. உங்கப்பன் தினம் காலையில எழுந்து அதை எடுத்துச் சரியா மாட்டி வைக்கிறத நான் மாடியில இருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்” என்றார்கள். நான் தபாலாபீஸ் போகாமல் திரும்பிவந்து கேட்டில் பூட்டை இழுத்துப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது.

அப்பா ஆட்டுக்கொட்டகையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது. “இருந்த மாதிரியே மாட்டிரு. அவன் வந்து தொறக்கட்டும்” என்று மட்டும் சொன்னது. மாட்டிவிட்டு, ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன்.

ஆகவே மேலே சாவி, பூட்டு என்று எழுதியிருப்பதையெல்லாம் அடித்துவிட்டு வாசிக்கவும். தீர்ப்பு வரவில்லை என்று படிவத்தில் எழுதியதும் பொய்யாகிவிட்டது, நாகஜோதி அக்காவிடம் போய்ச் சொல்ல வேண்டும். கேட்டது பூட்டு மட்டும், அது ஐப்பசியிலேயே கிடைத்துவிட்டது. கேட்காததற்காகத்தான் அப்பா இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் சாவியோடு வாருங்கள். உள்ளே விட்டுத் திருப்புவது போலத் திருப்புங்கள், நான் எண்ணெய் போட்டு வைக்கிறேன். அப்பா பார்க்காதது போல நிற்கும். தை ஐந்தாம் தேதி அக்கா வண்டி ரோட்டில் நிற்கும்போது நீங்கள் வந்திருக்காவிட்டால், நான் எல்லோர் முன்னாலும் போய் அதைக் கழற்றிக் கீழே வைத்துவிடுவேன், எட்டு மாதமாக எல்லோரும் எதற்காகக் காத்துக்கொண்டிருந்தோம் என்பதையும் வாயால் சொல்லிவிடுவேன். இதை நோட்டீஸாக எடுத்துக்கொள்ளவும்.

காளி துணை.